கூடச் சேர்த்துக் கொடுத்த குட்டி

முகம் முழுக்க சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த மனிதர், கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டைப் பெட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு நாய்க்குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"அட, அழகா இருக்கே! யாருக்காவது கொடுக்கப் போறீங்களா?"

"ஆமாங்க. நல்ல வீடா அமைஞ்சா கொடுத்துடலாம்" என்றார் சலூன்காரர்.

"இந்த வெள்ளை ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

"ஓ... அப்ப அந்தப் பழுப்பு?"

"அது ஆண்."

"பால்குடி மறந்ததும் அதை எனக்கு எடுத்து வைங்க. மறந்துடாதீங்க."

வெள்ளைக் குட்டியை அதற்கு மேல் அவர் பார்க்கவே இல்லை. முடியை எப்படி வெட்ட வேண்டும் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். பெண் குட்டி என்றால் தொல்லை, வருஷா வருஷம் குட்டி போடும், யார் பார்ப்பது? கருத்தடை செய்துவிடலாம், கால்நடை மருத்துவர் தானே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று சலூன்காரர் எடுத்துச் சொல்வார். கழுத்தில் கத்தி இருக்கும்வரை தலையாட்டுவார்கள். துண்டை உதறியதும் பேச்சையும் உதறிவிட்டுப் போய்விடுவார்கள்.

குட்டிகளின் தாய், சலூனுக்குப் பின்னாலிருந்த சந்தில் தண்ணீர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தது. பழைய சாக்குக் குவியலுக்குள் கிடந்த குட்டிகளைச் சலூன்காரர் அள்ளிக்கொண்டு வந்தபோது சில ஏற்கெனவே விறைத்துப்போயிருந்தன. கண்கூடத் திறக்காமல் மிஞ்சியவை இந்த இரண்டும்தான். பழுப்புக் குட்டிக்கு மூக்கின் கீழே கறுப்புக் கோடு இருந்ததால் மீசை என்று பெயர் விழுந்தது. வெள்ளைக் குட்டி பவுடர் ஆனது. சலூனில் வேறு என்ன பெயர் கிடைக்கும்?

வளர்த்தது அவர் மனைவி. கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. கால்நடை மருத்துவர் சொன்னதையெல்லாம் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தானே அந்த வயதில் குட்டிக்கு மூத்திரமே வரும்? சலூனின் வெந்நீரும் துண்டுகளும் பாதி குட்டிகளுக்கே போயின. "பெத்த பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு முழிச்சதில்ல" என்று அலுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள்.

இரண்டில் பவுடர்தான் நோஞ்சான். ஒருமுறை மூச்சே அடங்கிவிட்டதுபோல் கிடந்ததைத் தன் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, சமையலும் துணி துவைப்பதுமாக நடமாடியே காப்பாற்றினாள். அதனாலோ என்னவோ, பவுடருக்கு மனிதர்கள் என்றால் அப்படி ஓர் ஆசை. யார் கால் தெரிந்தாலும் பின்னாலேயே ஓடும். தாய் இருந்திருந்தால் வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்கப் பழக்கியிருக்கும். பயப்படக் கற்றுக்கொடுக்க அதற்கு யாரும் இல்லை.

குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும் கட்டட உரிமையாளர் வந்தார். மாத முடிவுக்குள் நாய்கள் போக வேண்டும், இல்லையென்றால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். மீசைக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். பவுடரைக் கேட்க ஒருவரும் இல்லை. அப்போதுதான் சலூன்காரருக்கு அந்த யோசனை வந்தது.

"இனிமே ஜோடியாத்தான் கொடுக்கிறது. ஆண் வேணும்னா பொண்ணையும் சேர்த்து எடுத்துக்கணும். எப்படி?"

மனைவி பவுடரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்றவங்க கையிலயா கொடுப்பீங்க?"

"முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. பார்க்கப் பார்க்கப் பாசம் வந்துடும். நீயே முதல்ல, இதையெல்லாம் ஏன் தூக்கிட்டு வந்தீங்கன்னு திட்டினவதானே?"

அது உண்மைதான் என்று அவள் பவுடரை மீசையின் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

ஜோடி என்றதும் பலர் கழன்றுகொண்டார்கள். மரக்கடைக்காரர் மட்டும் ஒத்துக்கொண்டார். கிடங்கைக் காக்க அவருக்கு ஓர் ஆண் நாய் அவசரமாகத் தேவைப்பட்டது. "ரெண்டா? அதுக்கென்ன, குடுப்பா" என்று சிரித்தார். மனைவி பழைய துணி, பால்மாவு, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்து, பவுடருக்கு வயிறு சீக்கிரம் கெட்டுவிடும் என்று சொன்னாள். அவர் மீசையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே கேட்டார். பவுடரின் பக்கம் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஆனால் மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

சில நாட்கள் கழித்து முடிவெட்ட வந்த ஆட்டோக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்.

"உங்க பவுடர் மாதிரியே ஒண்ணு மார்க்கெட் வாசல்ல சுத்துதுண்ணே. எல்லார் கால் பின்னாடியும் ஓடுது."

சலூன்காரர் கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாத தலையோடு ஆட்டோக்காரரும் பின்னால் ஓடி, வண்டியில் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது மார்க்கெட் வாசலில் கூட்டம் வழக்கம்போலத்தான் இருந்தது. எலுமிச்சம்பழம் விற்கும் அம்மாள் மட்டும் ஓரமாகக் கிடந்த ஒரு சாக்கைக் காட்டினாள்.

"உங்களுதா? சில நாளா யாரைப் பார்த்தாலும் ஓடுச்சுப்பா. ஒருத்தர் உதைச்சார், அவர் பின்னாடியும் ஓடுச்சு. அப்புறம் வேன்காரன் ஒருத்தன் வண்டியைப் பின்னாடி எடுத்தான். அது நகரவே இல்ல."

சலூன்காரர் தோளில் கிடந்த துண்டிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி அழவில்லை. வெந்நீர் வைத்து, காய்ந்துபோன சேற்றை ஈரப் பஞ்சால் துடைத்தாள். ஒட்டி உலர்ந்துபோயிருந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பட்டினி போட்டுட்டாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். கொல்லைப்புறத்தில் புதைத்த பிறகு அன்று அந்த அறையில் அடுப்பு எரியவில்லை.

கிடங்குக்குப் போய்க் கேட்கச் சலூன்காரருக்கு மனசு வருவதற்குள், இரண்டு நாள் கழித்து மரக்கடைக்காரரே சவரத்துக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் அவர்தான் முதலில் குறைப்பட்டுக்கொண்டார்.

"என்னப்பா குட்டி குடுத்தே? ராத்திரி பூரா கத்துது. சோறு வச்சா மோந்துகூடப் பார்க்கல. மூலையில போய் எதையோ தேடுது. சீக்கா?"

சலூன்காரர் செத்ததைச் சொல்லாமல் கேட்டார். "பவுடர் எங்கே, முதலாளி?"

"அந்தப் பொட்டைக் குட்டியா? அதை அன்னைக்கே வழியில மார்க்கெட் கிட்ட இறக்கி விட்டுட்டேன். நாலு பேர் வர்ற இடம், எவனாவது எடுத்துப்பான்."

"வளர்க்கிறேன்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனீங்க!"

"நான் எப்பப்பா கேட்டேன்? ஆண் வேணும்னா அதையும் எடுத்துக்கணும்னு சொன்னது நீதானே? கூடச் சேர்த்துக் குடுத்தே, எடுத்துக்கிட்டேன்."

சலூன்காரரின் அத்தனை கோபமும் பாதி வழியில் திரும்பி அவர் மேலேயே வந்து விழுந்தது.

உள்ளேயிருந்து மனைவி வந்து கதவருகே நின்றாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"உங்க குட்டிக்குச் சீக்கு இல்லைங்க. பிறந்ததுலேருந்து அவன் அவ மேலதான் படுத்துத் தூங்குவான். அவளைத்தான் தேடுறான். இனிமே கிடைக்க மாட்டா. வேன்ல அடிபட்டுச் செத்துட்டா."

மரக்கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொட்டைக் குட்டிதானேன்னு..." என்று இழுத்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொன்னீங்க. அதனாலதான் எவனாவது தூக்கிக்குவானான்னு ஒவ்வொரு காலா ஓடிப் பார்த்திருக்கா. நீங்க அவளைத் திரும்பிப் பார்க்காததை நான் பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். என் மேலயும் தப்பு இருக்கு."

கடையில் காத்திருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்தினார்கள். அவர்களில் இரண்டு பேர் மீசையை மட்டும் கேட்டவர்கள்.

மரக்கடைக்காரர் கழுத்திலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அவனையாவது இங்கே கொண்டாந்து விட்டுடட்டுமா?"

"கொண்டாங்க. கட்டடக்காரர் காலி பண்ணச் சொன்னா வேற கடை பார்த்துக்கிறேன்" என்றார் சலூன்காரர். "முதலாளி, உங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. ஒரு உயிரை ஆணா பொண்ணான்னு பார்த்து எடுக்கிறது ஒரு பாவம்னா, யாரும் கேட்கலைன்னு அதை இன்னொண்ணோட ஒட்டித் தள்ளிவிடறது அதைவிடப் பெரிய பாவம். வேணும்னு கேட்கிற ஒரு ஆள் வர்ற வரைக்கும் வச்சிருக்கத் தெம்பு இல்லைன்னா, வளர்த்தேன்னு சொல்லிக்கிற யோக்கியதை நமக்கு இல்ல."