போட் மூக்குல நிக்கிற எடம்

முஆஸ்ட ரெண்டு குதிகாலயும் பாக்கப் பாக்க ஃபாஹிமுக்கு வயிறு எரிஞ்சிச்சி. கல்பிட்டில சரீப் நானாட போட்ல, மூக்குல நின்டு வெள்ளக்காரங்களுக்கு டொல்பின் தேடிக் காட்டுறது மூணு வருஷமா ஃபாஹிம்ட வேல. இப்ப அந்த எடத்துல மச்சான் முஆஸ். கயிறு கூட புடிக்கல்ல. அல தூக்கிப் போட்டாலும் பள்ளி மினாரா மாதிரி நிக்கிறான்.

ஃபாஹிமுக்குத்தான் ரெண்டு கிழமையா அண்ணாந்து பாத்தா ஒலகமே சுத்துது.

"நீ பின்னுக்கு இரி. வுழுந்து தொலஞ்சா ஒன்ட பொண்டாட்டிக்கு நான் என்னத்தச் சொல்ற" என்டுட்டாரு நானா.

"முஆஸ்ட கண்ணுதான் பட்டிருக்கு" என்டு ஊட்ட வந்து பொருமினான். பொண்டாட்டி மர்ளியா கண்ணூறு போக, பள்ளில ஓதி ஊதின தண்ணி ஒரு போத்தல் வாங்கி, ஃப்ரிட்ஜ்ல வெச்சி, குடிங்க என்டாள். இவனுக்கு எங்க பொறும. சுத்துறது தலதானே, காதால ஊத்தினா கெதியாப் போய்ச் சேரும் என்டு நெனச்சி, பனியாட்டம் இருந்த தண்ணிய காதுக்குள்ள ஊத்தினான். அவ்வளவுதான். செவரு சுத்திச்சி, கதிர சுத்திச்சி, பாயோட ஒட்டிப் படுத்து ஒரே வாந்தி.

"குடிக்கத் தந்தத்த காதுக்கா குடுத்தீங்க" என்டு சிரிச்சிச் சிரிச்சியே மர்ளியா அவன புத்தளத்துல ஒரு டொக்டர்ட்ட இழுத்துட்டுப் போனாள்.

"காதுக்குள்ள மூணு சின்ன வளையம் இரிக்கி" என்டாரு டொக்டர். "உள்ளுக்கு தண்ணி மாதிரி ஒண்டு. தல திரும்பினா அது அசைஞ்சி மூளைக்குச் சொல்லும். மணலவிட சின்னக் கல்லு கொஞ்சம் ஒங்கட வளையத்துக்குள்ள வுழுந்திட்டு. அது உருண்டா, சும்மா இரிக்கிற ஆள சுத்துறீங்க என்டு பொய் சொல்லும். குளிர் தண்ணி ஊத்தினாலும் அப்புடித்தான், உள்ளுக்குள்ளது ஓடும்."

படுக்கவெச்சி, தலைய அங்கால இங்கால திருப்பி எழுப்பினாரு. சுத்து நின்டிச்சி. "கண், கால், காது மூணும் சேந்துதான் ஆள நிமித்தி வெச்சிருக்கு. கண்ண மூடினா காதுக்கு வேல கூட."

அந்தக் கடசிக் கதைய ஃபாஹிம் ஊட்ட வரமட்டும் மென்டுட்டே வந்தான். என்ட காது இப்ப சரி, கண்ண மூடினா முஆஸ் எப்புடி நிக்கிறான் என்டு பாப்பம்.

அடுத்த நாள் காலைல, கரைல கட்டின போட்ல ஏறி, "நானா, நானும் இவனும் கண்ண மூடிட்டு மூக்குல நிக்கிறம். நிக்கிறவனுக்கு எடம்" என்டான். முஆஸ் கொஞ்சம் முழிச்சான். பொறகு ஓம் என்டான்.

நானா போட்ட புடிச்சி ஆட்டினாரு. ஃபாஹிம் நின்டான். முஆஸ் கண்ண மூடி மூணு எண்ண முந்தி எடது பக்கம் சாஞ்சி, இடுப்பளவு தண்ணிக்குள்ள வுழுந்தான்.

"சரி, ஃபாஹிம் முன்னுக்கு" என்டு நானா சிரிச்சிட்டு டீசல் எடுக்கப் போயிட்டாரு.

முஆஸ் சாரத்தப் புழிஞ்சிட்டே மெதுவாச் சொன்னான். "சின்னதுல காச்சல் வந்து என்ட எடது காது உள்ளுக்கே செத்துட்டு மச்சான். தூரத்துல கடல் முடியுற கோட்டப் பாத்துத்தான் நிக்கிறன். நானாட்ட சொல்லிராத, போட்லயே ஏத்த மாட்டாரு."

"சொல்ல மாட்டன்" என்டான் ஃபாஹிம்.

போட் வெளிக்கிட்டிச்சி. எடம் ஃபாஹிம்டதான். தலையும் சுத்தல்ல. ஆனா வயிறு முந்தியவிட எரிஞ்சிச்சி. ஒத்தக் காதோட நின்ட முஆஸ் கயிறு புடிக்கல்ல. ரெண்டு காதோட இவன்ட கை கயித்த விடவே இல்ல.