சிலுவைக்கு ஞானத்தாய்

முதலாளி ரொப்லேதோ ஆட்களுக்கு ஹெல்மெட் வாங்கித் தரமாட்டார். சிலுவைத் திருநாள் வந்தால் முழுப் பன்றியாக வாங்கித் தருவார். அதனால்தான் மெக்சிகோவில், பூயெப்லா நகரத்தின் கொத்தனார்கள் அவரைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள்.

மே மூன்றாம் தேதி கொத்தனார்களின் நாள். பாதியில் நிற்கும் எந்தக் கட்டடமானாலும் அன்று அதன் உச்சியில், காகிதப் பூ சுற்றிய மரச் சிலுவை ஏறியாக வேண்டும். சிலுவை ஏறாத கட்டடம் காவாக ஆள் கேட்கும் என்று பயம். கொத்தனார் எலெயுதேரியோவுக்கு அந்தப் பயம் எலும்புவரை இறங்கியிருந்தது. அவருடைய தம்பி விழுந்து செத்த கட்டடத்தில் சிலுவை இல்லை. சாரத்தில் கைப்பிடிக் கம்பியும்தான் இல்லை. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

எலெயுதேரியோ வேலை செய்யும் ரொப்லேதோவின் சைட்டுக்கு இன்ஜினியர் அவர் மகள் நெரெய்தாதான். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இந்த வருடம் சிலுவைக்குப் பூச் சுற்றி உச்சியில் ஏற்றும் ஞானத்தாய் அவள்தான் என்று ரொப்லேதோ அறிவித்தபோது, கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எலெயுதேரியோ அழுதார்.

திருநாள் காலையில் நெரெய்தா சைட்டுக்குள் நுழைந்ததும் நேராகத் தளத்தின் அடியில் போய்ப் பார்த்தாள். போன வாரம் கான்கிரீட் போட்ட தளத்துக்குக் கீழே அதைத் தாங்கும் முட்டுக்கால்கள் காடாக நின்றிருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. அந்த நிழலில் நீள மேசை போட்டு, செப்புக் கொப்பரையில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்தின் மேலே செங்கல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது.

"முட்டெல்லாம் எங்க சார்?"

"வாடகை முட்டும்மா. அடுத்த சைட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டு சைட்டுக்கும் தனித்தனியா வாடகை அழ எனக்குக் கிறுக்கா?" என்றார் ரொப்லேதோ.

"தளம் இன்னும் பச்சையா இருக்கு. இறுகவே இல்ல."

"காலேஜ்ல கான்கிரீட்டைப் படத்துல பாத்திருப்ப. நான் அதுலயே பொரண்டு வளந்தவன். போய்ச் சிலுவைக்குப் பூ சுத்து."

அவள் அப்பாவிடம் ஓடினாள். அவர் புதுச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

"முட்டைக் கழட்டினது யாருப்பா?"

"நாங்கதான். அவரு சொன்னாரு, கழட்டினோம்."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"விடிஞ்சாச் சிலுவை ஏறிடுதே கண்ணு, அப்புறம் என்னன்னுதான் நேத்துக் கழட்டினோம்."

எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

அவள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கொப்பரை அடுப்பில் ஊற்றினாள். புகை கிளம்பியது. அத்தனை பேரும் இருமிக்கொண்டும் திட்டிக்கொண்டும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அப்படி வெளியே வந்ததால்தான் அவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தக் கறி வீணானதைத்தான் பேசுகிறார்கள்.

திருநாளுக்கு வந்திருந்த பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த சிலுவையை நெரெய்தா வாங்கினாள். ஏணிப் பக்கம் போகவில்லை. வாசலில் கிடந்த மணல் குவியலில் அதைக் குத்தி நட்டாள்.

"இந்த வருஷம் சிலுவை இங்கதான். ஞானத்தாய் நான், இடம் நான் சொல்றதுதான். ஒருத்தரும் மேல போகக் கூடாது."

திருநாளுக்கு அழைத்திருந்த டிரம்பெட்காரன் ஊதுவதைப் பாதியில் நிறுத்தினான்.

"இன்ஜினியரம்மாவுக்கு ஏணி ஏற வராது போலடா!" என்று கத்தினான் கொத்தனார்களில் ஒருவனான தாச்சோ. வேலையில் சோம்பேறி, வாயில் சூரன். "புள்ளைங்க மணல் வீட்டுக்கு நடுற மாதிரி நட்டுட்டாங்க. தாயே, மேல நட்டாத்தான் சிலுவை. மண்ணுல நட்டா அது கல்லறை!"

சிரிப்பு கொஞ்சம்தான் வந்தது. மற்றவர்கள் அவசரமாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரொப்லேதோ பீர் பாட்டிலைத் திறந்து, "படிச்ச புள்ளைக்கு நம்ம சாமியெல்லாம் கேவலமாப் போச்சு, என்ன எலெயுதேரியோ?" என்றார்.

எலெயுதேரியோவின் முகம் செத்துப்போனது. அவர் மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இனி எவனுக்கு விரல் நசுங்கினாலும் உன் தலையிலதான் விடியும். நீ ஏறாட்டிப் போ. நான் கட்டிட்டு இறங்கிடுறேன்."

"அப்பா, கால்ல விழறேன். அது தாங்காது."

"உன் நல்லதுக்குத்தான் போறேன். சும்மா இரு."

அவள் அவருடைய புதுச் சட்டையைப் பிடித்தாள். அவர் விரல் விரலாக விடுவித்தார். மணலிலிருந்து சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். பின்னாலேயே தாச்சோவும் டிரம்பெட்காரனும் இன்னும் சிலரும் ஏறினார்கள். ரொப்லேதோ ஏறவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம், தன் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

செங்கல் அடுக்கின் உச்சியில் எலெயுதேரியோ சிலுவையைக் கம்பி போட்டுக் கட்டினார். தொப்பியைக் கழற்றி மகளைப் பார்த்து ஆட்டினார். "பாத்தியா? நிக்குதா இல்லையா?"

யாரோ வாணம் விட்டார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நெரெய்தா மட்டும் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுவில் தூளி போலத் தொய்ந்தது. அப்புறம் தூசிதான்.

எலெயுதேரியோவும் டிரம்பெட்காரனும் செத்தார்கள். தாச்சோவுக்கு இடுப்பு உடைந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டார். "அந்த இன்ஜினியரம்மா சிலுவையை முதல்ல மண்ணுல நட்டாங்க சார். அபசகுனம். கட்டடம் ஆள் கேட்டுடுச்சு" என்றான் அவன். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். முட்டுக்காலைக் கழற்றிய கைகள் அவர்களுடையவை. அதை நினைத்துக்கொண்டு எவன் தூங்குவான்? ரொப்லேதோ ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாவுக்கு அப்புறம் ஒன்பது நாள் ஜெபம் முடிகிற அன்று, வீட்டில் சவப்பெட்டி இருந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்ட சிலுவையை அள்ளி எடுக்க வேண்டும். அந்தச் சிலுவையை அள்ளவும் ஒரு ஞானத்தந்தை வேண்டும். நெரெய்தாவின் அம்மா ரொப்லேதோவைக் கேட்டிருந்தாள்.

"அவனையா?" என்றாள் நெரெய்தா.

"பெட்டி வாங்கித் தந்தது அவருதான். நீ ஏத்த மாட்டேன்னுட்டுக் கீழ நட்ட. இவராவது ஒழுங்கா எடுக்கட்டும்."

கறுப்புக் கோட்டோடு ரொப்லேதோ மண்டியிட்டார். சுண்ணாம்பும் அவர் சைட்டிலிருந்து வந்த மூட்டைதான். பெண்கள் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, சுற்றி இருந்தவர்கள், "அவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னார்கள்.

"புனித சூசையப்பரே."

"முட்டுக்காலை எடுக்கச் சொன்னது யார்?" என்றாள் நெரெய்தா.

யாரும் திரும்பவில்லை. அடுத்த பெயர் வந்தது. அவள் மறுபடியும் கேட்டாள். ரொப்லேதோ குனிந்த தலை நிமிராமல் சுண்ணாம்பை அள்ளினார். பெண்கள் குரலை உயர்த்தினார்கள். அவள் கத்தினாள். அவர்கள் இன்னும் உயர்த்தினார்கள்.

அவள் குரலை அமுக்கிக்கொண்டு எழுந்த அத்தனை குரல்களிலும் அம்மாவின் குரல்தான் ஓங்கி இருந்தது.