அடித்தலும் ஒரு பூஜ்யமும்

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது என் அக்கா போனில் சொன்ன கதை. அவள் மொழி ஆசிரியை. மாணவர்கள் செயற்கை நுண்ணறிவை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று விதி எழுதும் வேலையைப் பள்ளி அவள் தலையில் கட்டியிருந்தது. மூன்றாவது விதி அவளுடைய செல்ல விதி: சொந்தமாக எழுதியதற்குச் சாட்சியாக, கட்டுரையோடு அடித்தல் திருத்தல் உள்ள முதல் பிரதியையும் தர வேண்டும், இல்லையென்றால் பூஜ்யம்.

(இந்தக் கதைக்கும் அதே விதிதான். அடித்ததை மறைக்கப் போவதில்லை.)

2
[அடித்தது: வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அக்கா—]

மழையெல்லாம் இல்லை, நல்ல வெயில். அக்கா ஆசிரியர் அறையில் உட்கார்ந்து 'எங்கள் ஊர்' கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாப் பிரதிகளிலும் தாராளமாக அடித்தல். ஒன்றில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணுடையது; தோழிகள் அவளை மௌனி என்பார்கள். அக்கா மதிப்பெண் பதிவேட்டில் பூஜ்யம் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"அடிச்ச பிரதி எங்கேம்மா?"

"மனசுலேயே எழுதிப் பார்த்துட்டுத்தான் மிஸ் பேப்பர்ல எழுதுவேன். வேணும்னா இதையே இன்னொரு தடவை எழுதி, நடுநடுவுல அடிச்சுத் தரட்டுமா? நிறைய பேர் அப்படித்தான் செஞ்சாங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டைப் பிரித்து மறுபடி பார்த்தாள். ஒருவன் 'பாலம்' என்பதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, மேலே 'பாலம்' என்றே எழுதியிருந்தான்.

3
"சரி, மனசுல எழுதினதைச் சொல்லு."

"முதல்ல தையல் கடையில ஆரம்பிச்சேன் மிஸ். இல்ல, அதுக்கும் முன்னாடி தண்ணிக் குழாய். அப்புறம் அதை எடுத்துட்டேன். அந்தக் குழாயடியிலதான் அம்மாவும் பெரியம்மாவும் சண்டை போட்டுக்கிட்டாங்க."

(இவ்வளவு நல்ல அடித்தல் எனக்கு வாய்த்ததில்லை. பொறாமைதான்.)

பதிவேட்டில் அடிக்கக் கூடாது. அடித்தால் பக்கத்தில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அக்கா ஒன்றைக்கூட அடித்ததில்லை. இப்போது பூஜ்யத்தை அடித்துப் பதினெட்டு என்று எழுதினாள். மூன்றாவது விதியின் கீழே 'அல்லது, கட்டுரை உருவான விதத்தை நேரில் சொல்லலாம்' என்று சேர்த்தாள்.

4
முடிவு ஒன்று: தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்.

முடிவு இரண்டு: "விதி எழுதின நீங்களே மீறினா எப்படிம்மா?" என்று பதிவேட்டைத் திருப்பித் தருகிறார். பூஜ்யம் நிலைக்கிறது.

[அடித்தது: பல வருடம் கழித்து மௌனி ஒரு பெரிய மேடையில்—] சே, வேண்டாம்.

அக்கா என்னோடு போனில் பேசியது தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றுதான். குரலில் அப்படியொரு சந்தோஷம். "கூப்பிடுறார்டா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

பதிவேடு உங்கள் முன்னால் திறந்திருக்கிறது. பதினெட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துக்கான இடம் காலி. பேனாவை எடுங்கள்.