அக்காவின் அணுக்கள்

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்கா தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் கணவர் இறந்தபோது மூன்றாம் நாள் சாவகாசமாக வந்து நின்றான். அன்றைக்கு முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவள்தான்.

அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றானபோது, அவளுடைய செல்கள்தான் அச்சு அசலாகப் பொருந்தின. அவள் மறுபேச்சு பேசவில்லை. ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் குழாயோடு நாலு மணி நேரம் படுத்து புது ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்களைக் கொடுத்தாள்.

அவை அவன் உடம்பில் ஏறிய பதினேழாம் நாள் நர்ஸ் ஓடிவந்தாள். "வெள்ளையணு கவுண்ட் ஏறிடுச்சுக்கா!"

தம்பி வறண்ட உதட்டோடு சிரித்தான். "இனிமே எனக்குள்ள ஓடறது உன் ரத்தம். எனக்கும் மூக்குக்கு மேல கோபம் வந்தா என்னைத் திட்டாதே."

"வாயை மூடு. கஞ்சி ஆறுது."

டாக்டர் மட்டும் எச்சரித்தார். "இப்ப வந்திருக்கிறது முதல்ல பாயற செல்லுங்கதான். வைரஸை அடையாளம் கண்டு அடிக்கிறதுங்க இன்னும் கைக்குழந்தை. வளர ஒரு வருஷம்கூட ஆகலாம்."

அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். கதவுப் பிடியைக்கூட நாளுக்கு நாலு தடவை துடைத்தாள். யாரையும் அண்டவிடவில்லை. ஆனால் வைரஸ் வெளியிலிருந்து வரவில்லை. சிறுவயதிலிருந்தே அவன் உடம்புக்குள் தூங்கிக் கிடந்தது, மூன்றாம் மாதம் விழித்து நுரையீரலைப் பிடித்தது. மருந்து எடுபடவில்லை. வைரஸை அடிக்கும் செல்களுக்காக மறுபடி கையை நீட்டினாள். அவை ஏறிய ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான்.

"என் அணுக்கள்தான் சோடை போயிடுச்சா டாக்டர்?"

அவர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். வைரஸை அடிக்கும் செல்களின் எண்ணிக்கை: நாற்பது, எழுபது, நூற்றுப் பத்து. "கடைசி நாள் வரைக்கும் ஏறிட்டேதான் இருந்துச்சும்மா. நேரம்தான் பத்தல."

அடுத்த மாதம் அவளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. மாத்திரைகூடப் போடவில்லை. நாலாம் நாள் உடம்பு லேசாகிவிட்டது. வேலைக்குப் போய் மெஷினில் கால் வைத்தவள், காலர் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

பக்கத்து மெஷின்காரி தோளைத் தொட்டாள். "இன்னும் உடம்பு சரியாகலையாக்கா?"

"சரியாயிடுச்சுடி," என்றாள். "தானாவே சரியாயிடுச்சு."