கேட்காமல் ஏறிய வண்டி

கீழ் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே ரஞ்சிதத்துக்குத் தெரிந்துவிடும். அதில் அவளுக்கு ஒரு சுகம் என்று புறம் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களும் மறுநாள் அவள் வாசலில் வந்து நின்று, வியாழக்கிழமை தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டி கிடைக்குமா என்று குழைவார்கள். ஆம்புலன்ஸ் என்பது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர்களுக்கு. நடந்து போய் நடந்து வரவேண்டிய சீக்காளிகளுக்கு இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ரஞ்சிதத்தை விட்டால் வேறு கதியில்லை.

எந்த லோரி எப்போது கிளம்புகிறது, எந்தக் கடைக்காரர் என்றைக்குச் சரக்கெடுக்கப் போகிறார், யாருடைய காரில் பின்சீட்டு சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எந்த வண்டி என்று மட்டும் சீக்காளிகளிடம் சொல்லமாட்டாள். முச்சந்தியில் நில், வண்டி வரும் என்பாள். முட்டைக்கோஸ் லோரியோ பள்ளிக்கூட வேனோ, வந்ததில் ஏறிக்கொள்ள வேண்டியது. வண்டிக்காரர்களுக்கும் அதே கதைதான். நம்ம ஆள் ஒருத்தர் நிற்பார், ஏற்றிக்கொள் என்பதோடு சரி. தோட்டத்துத் துரைகூட இவ்வளவு சுருக்கமாக உத்தரவு போட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரை அனுப்பவேண்டியிருந்தது. ஒருத்தி வேலாயி. சிறுநீரகம் போனவள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அவளுக்கு அடுத்த இரண்டு நாள் ஓடும். போன முறை மண் சரிந்து தோட்டத்துப் பாதை அடைத்துக்கொண்டதில் ஒரு தடவை தப்பிப்போய்விட்டது. கால் வீங்கி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. இன்றைக்கும் தப்பினால் நுரையீரலில் நீர் ஏறிவிடும் என்று அந்த மிஷினைக் கவனிக்கிற நர்ஸ், மிஸி ஷஃபிகா போனிலேயே மிரட்டியிருந்தாள். இன்னொருவர் நாகப்பன். கண்ணில் புரை, மலை இறங்கி ஈப்போவில் டாக்டரைப் பார்க்கவேண்டும். வேலாயிக்கு நஸ்ருலின் கார், நாகப்பனுக்குப் புவனேஸ்வரனின் பூ லோரி என்று ரஞ்சிதம் பங்கு பிரித்திருந்தாள்.

மற்ற நாளில் அவளே முச்சந்தியில் நின்று பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவள் மாதிரி ஒவ்வொருவராக ஏற்றிவிடுவாள். அன்று இன்னொரு சீக்காளிக்கு வண்டி பிடிக்கத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிப்போயிருந்தாள். லயத்தில் அங்கேதான் போனுக்கு லைன் கிடைக்கும். கீழே பனி பால் மாதிரி இறங்கியிருந்தது. முதலில் கார் வந்தது. நாகப்பன் ஏறிக்கொண்டார். பிறகு லோரி வந்தது. வேலாயி ஏறிக்கொண்டாள்.

யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் லயத்தில் சம்பளத்தைக் கேட்பார்கள், மருமகள் ஏன் தாய்வீடு போனாள் என்று கேட்பார்கள், கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று மட்டும் கேட்கமாட்டார்கள். போகிற காரியம் கெட்டுப்போகுமாம். ஆஸ்பத்திரிப் பயணம் என்றால் கேட்கவே வேண்டாம், வாயைத் தைத்துக்கொள்வார்கள். நஸ்ருல் தானா ராத்தா சாப்பாட்டுக்கடை உமரின் மகன், இந்த வேலைக்குப் புதிது. லயத்து ஆட்கள் ஏறும்போது எங்கே என்று கேட்டுத் தொலைக்காதே என்று உமர் புத்தி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பிள்ளை அப்பா பேச்சைக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாகப்பன் போன் செய்தபோது ரஞ்சிதம் இன்னும் மேட்டில்தான் நின்றாள்.

"ஈப்போ இவ்ளோ கிட்ட வந்துருச்சா ரஞ்சிதம்? கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துட்டோம். இங்க எம்பேரே இல்லேங்கிறாங்க."

வண்டி மாறிவிட்டது. நாகப்பன் தானா ராத்தாவில் என்றால் வேலாயி எங்கே? வேலாயி போன் வைத்துக்கொள்கிறவள் இல்லை. புவனேஸ்வரன் வளைவுகளில் போனை எடுக்கிறவன் இல்லை. ஈப்போ போகிற வழியில் திரிங்காப்பைத் தாண்டி மலை இறங்கத் தொடங்கிவிட்டால் லைனும் கிடையாது. அவன் திரிங்காப்பில்தான் பூ ஏற்றுவான். அங்கே ரோட்டோரம் மஜீதா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள். ரஞ்சிதம் அவளைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மேட்டைச் சுற்றி நடந்தாள், மறுபடி கூப்பிட்டாள், உட்கார்ந்தாள், ஈரம் பட்டதும் எழுந்தாள். நாலாவது தடவை மஜீதா எடுத்தாள். லோரி வாசலில்தான் நிற்கிறது, பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, வேலாயி முன்சீட்டில் தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டு, ஏன், என்ன விஷயம் என்று துருவ ஆரம்பித்தாள். அவள் ரஞ்சிதத்துக்குச் சளைத்தவள் இல்லை. ரஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு, முதலில் போனை வேலாயியிடம் கொடு என்றாள்.

"ரோடு மாறுதேன்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதாக்கா?"

"கெளம்பறப்ப எங்கன்னு கேப்பாங்களாடி?" வேலாயி மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "தக்காளித் தோட்டமா வந்துச்சு. நீதான் ஏதோ ஏற்பாடு பண்ணிருப்பன்னு தூங்கிட்டேன்."

ஊரே தன்னை நம்புவதில் ரஞ்சிதத்துக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அந்த நம்பிக்கைதான் வேலாயியைத் தூங்கவைத்திருந்தது.

நஸ்ருலைத் திரிங்காப்புக்கு ஓடச் சொன்னாள். அவன் வழியில் இருக்கிற பிரிஞ்சாங்கைக்கூடத் தாண்டவில்லை. பள்ளி விடுமுறை வேறு. கோலாலம்பூர்க் காடிகள் எல்லாம் ஸ்ட்ராபெரி வாங்கக் கியா பார்ம் வரைக்கும் ஒன்றின் முதுகில் ஒன்று நிற்கின்றன, மோட்டார் சைக்கிள்கூட நுழையாது என்றான். வேலாயியைத் திருப்பி அனுப்பினாலும் அந்த நெரிசலில்தான் வந்து மாட்டவேண்டும். ஷஃபிகாவோ வேலாயியின் மிஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிட்டாள். அவள் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. திட்டி முடித்ததும், ஈப்போவில் இரண்டு மூன்று இடத்தில் மிஷின் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன், இடம் கிடைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதே என்று சொல்லி வைத்தாள்.

அதற்குள் மஜீதா போனில் புவனேஸ்வரன் வந்துவிட்டான்.

"ரஞ்சிதக்கா, பூ வாடிரும்லா. எறக்கி விட்டுட்டுப் போவவா, கூட்டிட்டுப் போவவா? இப்பவே சொல்லு."

சொல்லத்தான் வேண்டும். இறக்கிவிட்டால் வேலாயி மஜீதா கடை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுத் திணறவேண்டியதுதான். கூட்டிப்போய் ஈப்போவில் இடமில்லை என்றால் தெரியாத ஊரில் ஒரு லோரியில் கிடக்கவேண்டும். லயத்தில் யாருக்கு என்ன செய்யவேண்டும் என்று கேளாமலே சொல்கிற ரஞ்சிதம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் பெட்டிகள் மோதும் சத்தமும், அதற்கிடையில் வேலாயியின் இருமலும் கேட்டன.

"கூட்டிட்டுப் போ தம்பி," என்றாள். "ஜன்னலத் தெறந்து வச்சுக்கோ. தண்ணி கேட்டா நெறையக் குடுக்காத. மூச்சு ரொம்ப முட்டுனா மிஷினெல்லாம் பாக்காத, நேரா பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டு."

லோரி மலை இறங்கியது. லைன் போனது. அதற்குப் பிறகு அவள் செய்ததை நடை என்று சொல்லமுடியாது. தொட்டியைச் சுற்றினாள். கீழே கொழுந்து பறிக்கிற பெண்கள் அண்ணாந்து பார்த்து, ரஞ்சிதம் ஏதோ வேண்டுதலுக்குத் தொட்டியைச் சுற்றுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். போனைப் பார்த்தாள், தலைக்கு மேலே தூக்கினாள், மார்போடு அணைத்தாள். நாகப்பன் அழைத்தபோதெல்லாம் ஷஃபிகாவோ என்று எடுத்து, அவர் குரல் கேட்டதும் வைத்தாள்.

வெயில் வந்து பனி விலகிய பிறகுதான் ஷஃபிகா அழைத்தாள். ஈப்போவில் ஓரிடத்தில் ஒருவர் வரவில்லை, மிஷின் காலி, வேலாயியின் ரத்த ரிப்போர்ட்டை அனுப்பியாயிற்று, உடனே போகச் சொல் என்றாள். ரஞ்சிதம் புவனேஸ்வரனுக்கு அடித்தாள். லைன் இல்லை. மறுபடி அடித்தாள். லைன் இல்லை. கட்டைவிரல் மரத்துப்போகும்வரை அடித்து, கடைசியில் அவன் சமவெளியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது பிடித்தாள். இடத்தின் பெயரை அவனை இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தாள்.

பூ இறங்குவதற்கு முன்னால் வேலாயி இறங்கினாள். சாமந்திப் பெட்டிகளோடு லோரி வாசலில் நின்றதைப் பார்த்து அங்கிருந்த மிஸிகள் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்தார்களாம்.

மத்தியானம் மிஷினில் படுத்தபடியே, அங்கிருந்த ஒரு மிஸியின் போனில் வேலாயி பேசினாள். மூச்சு நிதானமாக வந்தது. அதைக் கேட்டதும்தான் ரஞ்சிதம் தொட்டியோரம் உட்கார்ந்தாள்.

"இங்க போர்வையெல்லாம் கனமா தராங்கடி. டிவி வேற. இனிமே எப்பவும் இங்கயே ஏற்பாடு பண்ணிடேன்."

பண்ணுகிறேன் என்று ரஞ்சிதம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஈப்போ இறங்குகிற லோரி எது என்று மனசு அதன்பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கியது. அப்போது போன் மறுபடி அடித்தது. நாகப்பன். ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ரஞ்சிதம், என்னைக் கூட்டிப்போக எந்த வண்டி வருது?"