வெட்டிய இலை

"கத்தரிக்கோலால வெட்டின இலைக்குக் குளவி எப்படிடி வரும்? கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர அது என்ன உன் வீட்டுக்காரரா?"

"அவரு மட்டும் வந்துட்டாரா என்ன," என்றாள் புழுக்காரி.

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் இருவருக்கும் செய்கிற வேலையே பெயர். இவள் புழு வளர்ப்பவள். கேலி பேசியவள் குளவிக்காரி. மேசையில் கவட்டைபோல் இரண்டாகப் பிரியும் கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் முழு இலை, மறுமுனையில் காயம்பட்ட இலை. புழு கடித்து அதன் எச்சில் பட்டால் இலை ஒரு வாசனை விடும். அதைப் பிடித்துக்கொண்டு வரும் குளவி, புழுவைத் தேடி அதன் உடம்புக்குள் முட்டையிடும்.

இன்றைக்குப் பார்த்துப் புழுக்களெல்லாம் முந்திக்கொண்டு கூடு கட்டிவிட்டன; இலையைக் கடிக்க ஒன்றுகூட மிச்சமில்லை. ஒப்பேற்றிவிடலாம் என்று இவள் இலையை வெட்டி வைத்தாள். குழாயின் அடியில் விட்ட குளவி கவட்டையில் நின்று உணர்கொம்புகளை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே நடையைக் கட்டியது.

"பாத்தியா, பொய்க் காயம்னு கண்டுபிடிச்சிடுச்சு."

புழுக்காரிக்குச் சுருக்கென்றது. போன மழைக்காலத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று பொய் சொல்லித் தம்பியை வரவழைத்திருந்தாள். அம்மா போனபின் இவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. தூரத்து ஊரில் வேலை கிடைத்துப் போனவன், அடித்துப்பிடித்து மூன்று பஸ் மாறி நனைந்துகொண்டு வந்தான். கதவைத் திறந்த அக்காவின் கையில் துடைப்பம், வாயில் பாட்டு.

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இனிமே நிஜமாவே வலிச்சாலும் நம்பமாட்டேன்க்கா."

அவன் நின்ற இடத்து ஈரம் காயும்வரை அவள் அங்கே பெருக்கவில்லை.

அதன்பிறகு பேச்சே இல்லை. போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு காரணம் தேடுவாள். காய்ச்சல், தலைசுற்றல், படியில் விழுந்தது. எதுவும் தேறாது. வைத்துவிடுவாள்.

குளவிக்காரி சாப்பிடப் போனதும், தொட்டிச் செடிகளுக்கு நடுவே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட நினைத்தபோது எடுத்தான்.

"சொல்லு. இப்ப எங்க வலி?"

"எங்கயும் இல்லடா. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"அப்புறம்?"

வாய்வரை வந்த காய்ச்சலை விழுங்கினாள்.

"ஒண்ணுமில்ல. உன்னைப் பாக்கணும்போல இருக்கு. ஒரு நடை வந்துட்டுப் போறியா?"