பழுப்பேறாத ஸ்லைடு

அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஸ்லைடு அக்காதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பெரிய டாக்டரும் வெட்கமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டாள் என்று பெயர். அப்படிப்பட்டவள் அன்று காலை ஒரே ஸ்லைடை ஏழாவது தடவையாக எடுத்துப் பார்த்துவிட்டு, மண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வேலையைச் சொல்வது சுலபம். புற்றுநோய்க் கட்டிக்குள் எல்லா இடத்துக்கும் ரத்தம் ஒழுங்காகப் போவதில்லை. ரத்தக்குழாயிலிருந்து தள்ளியிருக்கும் செல்கள் ஆக்ஸிஜன் கிடைக்காமல் திணறிக்கொண்டு கிடக்கும். ஐயோ பாவம் என்று பரிதாபப்பட வேண்டாம். கதிர்வீச்சுக்கு மசியாத பிடிவாதக்காரர்கள் அவைதான். ஆக்ஸிஜன் இருந்தால்தான் கதிர் அடிக்கிற அடி உறைக்கும். அதனால் கட்டியில் ஒரு துண்டு எடுப்பதற்கு முந்தைய நாள் நோயாளிக்குச் சில மாத்திரைகள் தருவார்கள். அந்த மருந்து திணறும் செல்களில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு துண்டைச் சீவி ஸ்லைடுக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போட்டால், மருந்து ஒட்டிய இடமெல்லாம் பழுப்பாகவும் மற்ற இடம் நீலமாகவும் தெரியும். எத்தனை சதவீதம் பழுப்பு என்று அளந்து எழுதுவது அவள் பொறுப்பு. பழுப்பு அதிகமென்றால் கதிர்வீச்சோடு கூடுதல் மருந்தும் உண்டு. இல்லையென்றால் கதிர்வீச்சு மட்டும்.

நாற்பத்திமூன்றாம் எண் ஸ்லைடில் பழுப்பு மருந்துக்குக்கூட இல்லை.

பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கட்டியின் நடுவில் செல்கள் செத்துப்போய் வெளிறிய திட்டாகக் கிடந்தன. மூச்சு முட்டித்தான் செத்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தத் திட்டைச் சுற்றி, சாகவும் முடியாமல் பிழைக்கவும் முடியாமல் கொஞ்சம் செல்களாவது திணறிக்கொண்டிருக்க வேண்டாமா? அங்கே பளிச்சென்று வெறும் நீலம்.

சாயம் கெட்டுவிட்டதோ? மறுபடியும் போட்டாள். கூடவே, கட்டாயம் பழுப்பேற வேண்டிய பழைய ஸ்லைடு ஒன்றுக்கும் அதே பாட்டிலிலிருந்து போட்டாள். பழையது சமர்த்தாகப் பழுப்பேறியது. நாற்பத்திமூன்று அசைந்துகொடுக்கவில்லை. எண் மாறிவிட்டதா? இல்லை. தன் கண்ணில்தான் கோளாறா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணும் சரியாகத்தான் இருந்தது. அதில் நிம்மதி வரவில்லை, குழப்பம்தான் கூடியது.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். "அக்கா, நாலு மணிக்கு மீட்டிங். நாளைக்கு அந்த ஆளுக்கு ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கணும். எவ்வளவு வந்திருக்கு?"

"பூஜ்யம் சார். ஆனா பூஜ்யமா இருக்க முடியாது."

"காலங்காத்தால என்ன தத்துவம்?"

"செத்தது தெரியுது சார், திணறினது தெரியல. எனக்கே ஒண்ணும் புரியல."

அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு போயிருந்தது. "மருந்து உள்ள போச்சா?"

"ஃபைல்ல டிக் இருக்கு. மாத்திரையைக் கையில கொடுத்ததா."

கையில் கொடுத்தது வாய்க்குள் போனதா என்பதற்கு ஃபைலில் கட்டமே இல்லை. எண்ணுக்கு உரிய ஆளைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அளவில் பாசம் கலந்துவிடும் என்பது அங்கே சட்டம். ஆறு வருடமாக அவள் வார்டுப் படியை மிதித்ததில்லை. "நீங்களே போய்க் கேளுங்க. பாவம் நான் ஏத்துக்கறேன்," என்றார் டாக்டர்.

நாற்பத்திமூன்று ஒரு லாரி ஓட்டுநராக இருந்தது. கழுத்தில் கட்டுப் போட்டிருந்தார். பக்கத்தில் மனைவி ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, துண்டு எடுக்கறதுக்கு முந்தின நாள் மாத்திரை கொடுத்தாங்களே, போட்டீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஆப்பிளைப் பார்த்தாள்.

"எப்படிம்மா போடறது? ஒரு தாள்ல ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரைன்னு இருக்கு. மயக்க டாக்டர் தாள்ல ஆறு மணிக்கு மேல பச்சத்தண்ணி கூடாதுன்னு இருக்கு. நான் யார் பேச்சைக் கேக்க?"

"யாரையாவது கேளுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் மனைவி. "முப்பது வருஷம் லாரி ஓட்டினாரு. மூணு ஊரைச் சுத்திட்டு வருவாரே தவிர, வாயைத் திறந்து வழி கேக்கமாட்டாரு."

மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து மாத்திரைகளை எடுத்து நீட்டினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

எட்டு மணித் தாள் ஸ்லைடு அக்கா எழுதியது. முன்பெல்லாம் நள்ளிரவுக்கு மேல்தான் வாயைக் கட்டச் சொல்வார்கள். இந்த வருடம் அதை ஆறு மணியாக்கியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. ஆனாலும் நல்லவேளை, இவர் தப்பித்தார்.

"உங்க மேல தப்பே இல்ல ஐயா. மாத்திரை போட்டுட்டு இன்னொரு தடவை துண்டு எடுத்துப் பார்த்துடலாம்."

"மறுபடியுமா? எதுக்கும்மா? அந்த மூலைப் படுக்கைத் தையல்காரர்கூடப் போடலையே. அவருதான் எனக்கு தைரியம் சொன்னாரு. 'நான் போடல, ஒண்ணும் ஆகல, திணறுற செல்லே இல்லைன்னு ரிசல்ட் வந்துச்சு, கூடுதல் மருந்துகூட வேணாம்னுட்டாங்க'ன்னாரு."

மூலைப் படுக்கையில் புது விரிப்புப் போட்டிருந்தது.

"அவர் எங்க?"

"ட்ரீட்மென்ட் முழுசா முடிஞ்சு நேத்துதான் வீட்டுக்குப் போனாரு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே போனாரு."

ஸ்லைடு அக்கா விரல் விட்டு எண்ணினாள். இந்த வருடம் அவள் எழுதிய பூஜ்யங்கள் ஆறு. ஒன்றிலும் செத்த திட்டு இல்லை, அதனால் சந்தேகமும் இல்லை. சந்தோஷமாகவே எழுதினாள். தையல்காரர் அதில் எந்தப் பூஜ்யம்? எது நல்ல கட்டி, எது விழுங்காத மாத்திரை? ஆறு பேரின் முகமும் அவளுக்குத் தெரியாது.

ஓட்டுநரின் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தத் தையல்காரருக்கு நல்லா வந்துச்சுன்னு சொன்னது நிஜமில்லையாம்மா?"

"தெரியலம்மா," என்றாள் அவள். "தெரியாமத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."